எண்ணெய் சுமந்த கப்பல்
நியோஷோவும் அதன் மாலுமிகளும்

கடற்போர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன பெரும் பீரங்கிகளைத் தாங்கிய யுத்தக் கப்பல்களும், விமானங்களை ஏந்திச் செல்லும் விமானந்தாங்கிக் கப்பல்களுமே. சரித்திர நூல்கள் விரித்துரைப்பனவும் அவற்றின் வெற்றி தோல்விகளையே. ஆயினும், விறகில்லாத வீட்டில் அரிசி எவ்வளவு இருந்தும் உலை கொதிப்பதில்லை. எரிபொருள் தீர்ந்த போர்க்கப்பலும் அத்தகையதே. அதன் பீரங்கிகள் எத்துணை வலியனவாயினும், நடுக்கடலில் அது வெறும் இரும்புக் கூடு.

அந்த எரிபொருளைச் சுமந்துகொண்டு போர்க்கப்பல்களின் பின்னே செல்லும் எண்ணெய்க் கப்பல்களைப் பற்றி நாம் அதிகம் அறிவதில்லை. இரண்டாவது உலக மகாயுத்தத்திலே அமெரிக்கக் கடற்படைக்குப் பணிபுரிந்த 'நியோஷோ' என்னும் எண்ணெய்க் கப்பலின் வரலாற்றை இவ்வாரம் நோக்குவோம். அதனைத் தாக்கிய விமானங்கள் புறப்பட்ட இரண்டு கப்பல்களும், அதற்கு ஒரு மாதத்தின் முன்னர் நமது இலங்கையைத் தாக்க வந்தவையே என்பதும் நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

மிதக்கும் களஞ்சியம்

அமெரிக்கக் கடற்படையினர் தமது எண்ணெய்க் கப்பல்களுக்கு ஆறுகளின் பெயர்களைச் சூட்டுவது அக்கால வழக்கம். கான்சாஸ், ஒக்லஹோமா ஆகிய மாநிலங்களினூடாகப் பாயும் ஓர் ஆற்றின் பெயரே நியோஷோ. நியூ ஜேர்சி மாநிலத்துக் கேர்ணி என்னுமிடத்திலுள்ள கப்பல் கட்டும் துறையிலே 1938ஆம் ஆண்டு யூன் மாதம் இதன் வேலை தொடங்கியது. 1939ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 29ந் திகதி கப்பல் நீரில் இறக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் 7ந் திகதி கடற்படைச் சேவையிற் சேர்ந்தது. ஐரோப்பாவில் யுத்தம் மூளுவதற்கு அப்போது ஒரு மாதமும் இருக்கவில்லை.

கப்பலின் நீளம் 553 அடி; அகலம் 75 அடி. ஏறத்தாழ 1,46,000 பீப்பாய் எண்ணெயை அது சுமக்கவல்லது. லீற்றர்க் கணக்கிற் சொல்வதானால் இரண்டு கோடியே முப்பது இலட்சத்துக்குச் சற்று அதிகமாகும். எனினும் கொள்ளளவைக் காட்டிலும் வேகமே இதன் சிறப்பு. போர்க்கப்பல்களோடு கூடச் செல்ல வேண்டிய கப்பல் பின்தங்கி நின்றால், அதற்காகக் கப்பற்படை முழுவதுமே காத்து நிற்க நேரிடும். ஆகையால் நியோஷோவையும் அதன் உடன்பிறப்புக் கப்பல்களையும் மணிக்கு 18 கடல் மைல் வேகத்திற் செல்லத்தக்கனவாக அமைத்தனர். வணிகத்துக்குத் தேவைக்கு மேற்பட்ட இந்த வேகத்துக்காகும் மேலதிகச் செலவை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது.

ஓடும் கப்பலிலிருந்து ஓடும் கப்பலுக்கு எண்ணெய் வழங்குவது எவ்வாறு என்று மாணவர்கள் வினவக்கூடும். இரண்டு கப்பல்களும் சிறிதே இடைவெளி விட்டு, ஒரே திசையில், ஒரே வேகத்திற் பக்கம் பக்கமாகச் செல்லும். எண்ணெய்க் கப்பலின் பாரந்தூக்கிகளிலிருந்து தடித்த குழாய்கள் தொங்கவிடப்பட்டு, மறு கப்பலின் தாங்கிகளோடு பொருத்தப்படும். நடுவே நீர் கொந்தளிக்கும். சுக்கான் பிடிப்பவர் சிறிது கண்ணயர்ந்தாலும் கப்பல்கள் மோதும். விலகினாலோ குழாய் அறும். இவ்விதம் மணிக்கணக்காக ஓடவேண்டும். அவ்வேளையில் பகைவர் வந்தால் இரு கப்பல்களும் விரைந்து திரும்பவோ விலகவோ இயலாது.

இம்முறையை அமெரிக்கர் 1917ஆம் ஆண்டில், முதலாவது மகாயுத்த காலத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்திலே செய்து பழகினர். அப்போது 'மோமி' என்ற எண்ணெய்க் கப்பலில் இருந்துகொண்டு இதனை வகுத்தவர்களுள் ஒருவர் செஸ்ரர் நிமிற்ஸ் என்னும் இளம் அதிகாரி. 1941ஆம் ஆண்டின் கடைசி நாளிலே பசிபிக் கடற்படையின் தலைமையை ஏற்ற அட்மிரல் நிமிற்ஸ் இவரே.

ஞாயிற்றுக்கிழமைக் காலை

1941ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஹவாய்த் தீவிலுள்ள பேர்ள் துறைமுகத்துக்கு விமானப் பெற்றோல் கொண்டுசெல்வதே நியோஷோவின் வேலை. டிசம்பர் மாதம் 6ந் திகதி அது அங்கு சேர்ந்து, துறைமுக நடுவிலுள்ள போர்ட் தீவின் விமானத் தளத்துக்குப் பெற்றோலை இறக்கியது. அது கட்டப்பட்டிருந்த இடமோ பெரிய யுத்தக் கப்பல்கள் வரிசையாக நின்ற இடத்தின் நடுவே. ஒருபுறம் 'கலிபோர்னியா', மறுபுறம் 'மேரிலண்ட்', 'ஒக்லஹோமா'.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குச் சற்று முன்னர் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீது பாய்ந்தன. 'அரிசோனா' வெடித்துச் சிதறியது. 'ஒக்லஹோமா' தலைகீழாகக் கவிழ்ந்தது. நீரின் மேற்பரப்பிற் பரந்த எண்ணெய் தீப்பற்றி எரிந்தது.

பெற்றோலை இறக்கிவிட்டமையால் நியோஷோவுக்கு ஆபத்துக் குறைந்திருக்கும் என நாம் எண்ணலாம். உண்மை அதற்கு மாறானது. திரவமாக உள்ள பெற்றோலைவிட, வெறுமையான தாங்கியிற் காற்றோடு கலந்து நிற்கும் பெற்றோல் ஆவியே எளிதில் வெடிக்கக்கூடியது. அந்தக் கப்பலில் ஒரு குண்டு விழுந்திருப்பின், அருகில் நின்ற யுத்தக் கப்பல்களும், போர்ட் தீவின் பெற்றோல் தாங்கிகளும் என்ன கதியடைந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கப்பற் தலைவர் ஜோன் பிலிப்ஸ் தாமதிக்கவில்லை. இழுவைப் படகுகளின் துணைக்காகக் காத்திராமல், கட்டியிருந்த கயிறுகளை அறுத்துக்கொண்டு, கவிழ்ந்து கிடந்த 'ஒக்லஹோமா'வையும் எரியும் எண்ணெயையும் விலகிக் கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தும்படி கட்டளையிட்டார். அப்போது நேரம் 8 மணி 40 நிமிடமளவில். கப்பலின் துப்பாக்கிகள் விமானங்களை நோக்கிச் சுட்டுக்கொண்டேயிருந்தன. மாலுமிகளுள் மூவர் காயமுற்றனர். கப்பலோ ஊறின்றித் துறைமுகத்தின் மறுபுறத்தை அடைந்தது. பிலிப்ஸுக்குப் பின்னர் கடற்படைச் சிலுவை என்னும் உயர் விருது அளிக்கப்பட்டது.

அன்று அமெரிக்கர் 2,400 பேருக்கு மேல் மடிந்தனர். ஆயினும் யப்பானியர் ஒன்றைச் செய்யத் தவறினர். துறைமுகக் கரையிலிருந்த எண்ணெய்த் தாங்கிகளை அவர்கள் தாக்கவில்லை. அவற்றிலே ஏறத்தாழ 45 இலட்சம் பீப்பாய் எண்ணெய் இருந்தது. கப்பல்களைக் கண்ட கண்கள், கப்பல்களை ஓடச்செய்யும் பொருளைக் காணவில்லை.

பவளக் கடலை நோக்கி

1942ஆம் ஆண்டின் முற்பகுதியில் யப்பானியரின் கை எங்கும் ஓங்கியிருந்தது. ஏப்ரில் மாதம் 5ந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, அவர்களுடைய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ந் திகதி திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதே நாளில், நமது கீழ்க்கரைக்கு அப்பால் 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்', 'அதெல்ஸ்ரேன்' என்ற இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் மூழ்கின. இத்தாக்குதலிற் பங்குபற்றிய ஐந்து விமானந்தாங்கிகளுள் 'ஷோக்காக்கு', 'சுயிக்காக்கு' என்பன இரண்டு. இங்கிருந்து திரும்பும் வழியில் இவ்விரண்டும் தனியே பிரிக்கப்பட்டுத் தென் பசிபிக்குக்கு அனுப்பப்பட்டன.

நியூகினித் தீவின் தென்கரையிலுள்ள மோர்ஸ்பித் துறைமுகத்தைக் கைப்பற்றுவதே யப்பானியரின் நோக்கம். அது அவர்கள் கையிற் சிக்கினால் அவுஸ்திரேலியாவின் வட பகுதி அவர்களுடைய விமானங்களுக்கு எட்டும் தூரத்தில் வந்துவிடும். இதனைத் தடுக்கும் பொருட்டு அட்மிரல் பிளெச்சரின் தலைமையில் 'யோர்க்டவுண்', 'லெக்சிங்டன்' என்ற இரண்டு விமானந்தாங்கிகள் பவளக் கடலிற் கூடின. அப்படையோடு சென்று எரிபொருள் வழங்கிய கப்பல்களுள் நியோஷோவும் ஒன்று.

மே மாதம் 6ந் திகதி நியோஷோ 'யோர்க்டவுண்' கப்பலுக்கும் 'அஸ்டோரியா' என்னும் குறூசருக்கும் எண்ணெய் வழங்கியது. போர் நெருங்கிவிட்டமையால், எண்ணெய்க் கப்பலைக் களத்தில் வைத்திருத்தல் தகாது எனக் கருதிய பிளெச்சர், அதனைத் தெற்கே பாதுகாப்பான இடத்துக்குச் செல்லும்படி பணித்தார். துணைக்கு 'சிம்ஸ்' என்ற ஒரே ஒரு நாசகாரிக் கப்பல் சென்றது.

ஒரு வேவு விமானத்தின் பிழை

மறுநாட் காலை, யப்பானிய வேவு விமானமொன்று தெற்கே இரண்டு கப்பல்களைக் கண்டது. நீண்டு தட்டையான பெரிய கப்பலொன்று. அதன் அருகே சிறியதொன்று. 'விமானந்தாங்கி ஒன்றும் குறூசர் ஒன்றும் உள்ளன' என்று வானொலி மூலம் செய்தி பறந்தது. உண்மையில் அவை நியோஷோவும் சிம்ஸுமே.

இச்செய்தியை நம்பி 'ஷோக்காக்கு', 'சுயிக்காக்கு' ஆகியவற்றிலிருந்து 78 விமானங்கள் புறப்பட்டன. குறித்த இடத்துக்கு வந்த விமானிகள் அங்கே விமானந்தாங்கி எதனையும் காணவில்லை. வெகு நேரம் சுற்றித் தேடினர். ஏமாற்றமடைந்த தலைவர்கள் ஏனைய விமானங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, பாய்ந்து குண்டு போடும் 36 விமானங்களைக் கொண்டு இருந்த இரு கப்பல்களையும் தாக்கினர்.

மூன்று குண்டுகள் பட்டதும் சிம்ஸ் இரண்டாகப் பிளந்து மூழ்கியது. அதிலிருந்த 192 பேரிற் பிழைத்தவர்கள் 14 பேரே. நியோஷோவின் மீது ஏழு குண்டுகள் விழுந்தன. சுடப்பட்டுத் தீப்பற்றிய விமானமொன்றும் அதன்மேல் வந்து மோதியது. எரியும் பெற்றோல் கப்பலின் மேற்றளமெங்கும் ஓடியது.

அதே முற்பகலில், பல மைல்களுக்கு அப்பால், அமெரிக்க விமானங்கள் 'ஷோஹோ' என்ற யப்பானிய விமானந்தாங்கியைத் தாக்கி மூழ்கடித்தன. யப்பானியரின் பலம் மிகுந்த தாக்குதற் படை எண்ணெய்க் கப்பலொன்றைத் துரத்திச் சென்றிருந்த வேளையில், பிளெச்சரின் விமானந்தாங்கிகள் ஊறின்றி இருந்தன. அந்நாளில் அவை அடைய வேண்டியிருந்த அடியை நியோஷோவும் சிம்ஸும் அடைந்தன என்று சொல்வது மிகையாகாது.

கொதிகல அறையிலே

அத்துன்ப வேளையில் நடந்த ஒரு சம்பவம் இங்கு சொல்லத்தக்கது. நியோஷோவின் கொதிகலங்களைப் பராமரிக்கும் மாலுமிகளுள் மூத்தவர் ஒஸ்கார் பீற்றர்சன். விஸ்கொன்சின் மாநிலத்தில் 1899ஆம் ஆண்டு பிறந்தவர். இளைஞரல்லர், நாற்பதைக் கடந்த குடும்பஸ்தர். பழுது பார்க்கும் குழுவொன்றுக்கு அவர் பொறுப்பாக இருந்தார்.

குண்டு விழுந்தபோது அவருடைய குழுவினர் காயமுற்று விழுந்தனர். அவரும் பலத்த காயமடைந்தார். கொதிகலத்து நீராவி செல்லும் பெருங்குழாய்களின் வால்வுகளை மூடாவிடின் மேலும் கேடு விளையும். ஆயின் அவ்விடத்தை அணுகினால் உடல் வெந்துபோகும். உதவிக்கு ஒருவருமில்லை. பீற்றர்சன் தனியே சென்று அவ்வால்வுகளை மூடினார். அதனாலுண்டான தீக்காயங்கள் அவருடைய உயிரை வாங்கின. மே மாதம் 13ந் திகதி அவர் இறந்தார்.

அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஒவ் ஒனர் அவருக்கு இறந்தபின் வழங்கப்பட்டது. 1943ஆம் ஆண்டில் ஒரு கப்பலுக்கும் அவர் பெயர் இடப்பட்டது. ஆயினும் போர்க்காலத்தில் அவ்விருதை உரிய வைபவத்தோடு குடும்பத்தாரிடம் கையளிக்கவில்லை. அவ்வைபவம் 2010ஆம் ஆண்டிலேதான் நடைபெற்றது. அறுபத்தெட்டு ஆண்டுகள் கடந்து தந்தையின் விருதை முறைப்படி பெற்றுக்கொண்ட மகனும் அப்போது முதியவராகிவிட்டார்.

நான்கு நாள்கள்

கப்பலைக் கைவிடுவதற்கு ஆயத்தமாக இருக்கும்படி பிலிப்ஸ் கட்டளையிட்டிருந்தார். புகையும் இரைச்சலும் சூழ்ந்த அந்நேரத்தில், பலர் அதனைக் கப்பலைக் கைவிடும்படி இட்ட கட்டளையாகவே கொண்டனர். அவர்கள் கடலிற் குதித்தனர். தெப்பங்களைப் பற்றிக்கொண்டு விலகிச் சென்றனர். ஆயத்தமாக இருங்கள் என்பதற்கும் போங்கள் என்பதற்கும் உள்ள வேறுபாடு அன்று உயிருக்கும் மரணத்துக்கும் உள்ள வேறுபாடாயிற்று. கப்பலில் ஆட்களை எண்ணியபோது 150 பேருக்கு மேல் காணப்படவில்லை.

நியோஷோவோ மூழ்கவில்லை. எண்ணெய்க் கப்பலின் வயிறு பல தனித்தனித் தாங்கிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எண்ணெய் வழங்கியதால் வெறுமையான தாங்கிகள் காற்றடைத்த குடங்கள் போல் அதனைத் தாங்கின. ஒரு பக்கம் சாய்ந்து, இயந்திரங்கள் ஓய்ந்து, அலை இழுத்த திசையில் அது மிதந்தது. சிம்ஸிலே பிழைத்தவர்களும் சிறு படகொன்றில் வந்து அதில் ஏறிக்கொண்டனர்.

மின்சாரம் அறுமுன் உதவி கோரிச் செய்தி அனுப்பினர். அச்செய்தியிற் குறிக்கப்பட்ட இடம் பிழையானது. கணக்கிடுகையில் நேர்ந்த தவறினால், கப்பல் உண்மையில் நின்ற இடத்திலிருந்து ஏறத்தாழ 35 கடல் மைல் விலகிய இடம் அறிவிக்கப்பட்டுவிட்டது. தேடிச் சென்ற நாசகாரிக் கப்பல் அங்கே வெறுங்கடலையே கண்டது. நிலப்படத்தில் ஒரு விரற்கடையும் ஆகாத பிழை; நடுக்கடலில் நாதியற்று நின்றவர்களுக்கோ அது நாட்கணக்கான தாகமும் வெயிலும்.

மே மாதம் 11ந் திகதி விமானமொன்று நியோஷோவைக் கண்டது. விரைந்து வந்த 'ஹென்லி' என்ற நாசகாரிக் கப்பல், சிம்ஸின் 14 பேர் உட்பட 123 பேரை மீட்டது. இனித் திருத்த இயலாத நிலையிலிருந்த நியோஷோவை ஹென்லியே சுட்டு மூழ்கடித்தது. 18 மாரிகளும் காணாத பெண்ணொருத்திக்கு ஒப்பாக, மூன்றாண்டுகூட நிரம்பாத சேவையோடு அக்கப்பல் கடலடியிற் சேர்ந்தது.

தெப்பங்களிற் சென்றவர்களைத் தேடும் வேலை தொடர்ந்தது. தாக்குதல் நடந்து ஒரு வாரத்துக்கு மேற் சென்றபின், 'ஹெல்ம்' என்ற கப்பல் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்த தெப்பங்களைக் கண்டது. முதலிலே அவற்றில் 68 பேர் இருந்தனர். ஹெல்ம் வந்தபோது உயிரோடிருந்தவர்கள் நால்வர்.

எஞ்சியது யாது?

மே மாதம் 8ந் திகதி பவளக் கடலில் பெரும்போர் நிகழ்ந்தது. 'லெக்சிங்டன்' குண்டுகளாலும் தோப்பிடோக்களாலும் தாக்கப்பட்டும் முதலிற் சமாளித்துக்கொண்டது. ஆயின் அதன் தாங்கிகளிற் கசிந்த பெற்றோல் ஆவி வெடித்து அதனை அழித்தது. பேர்ள் துறைமுகத்தில் பிலிப்ஸ் அஞ்சி விலக்கிய அதே ஆபத்தே அது. மறுபுறம் 'ஷோக்காக்கு' பலத்த சேதமடைந்தது. 'சுயிக்காக்கு' தன் விமானங்கள் பலவற்றை இழந்தது. மோர்ஸ்பித் துறைமுகத்தை நோக்கி வந்த படை திரும்பிச் சென்றது. இலங்கையைத் தாக்க வந்த அவ்விரு கப்பல்களும் யூன் மாதத்தில் நடந்த மிட்வே போரிற் கலந்துகொள்ள இயலவில்லை. அப்போரிலே யப்பான் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது.

1954ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையிற் சேர்ந்த புதிய எண்ணெய்க் கப்பலொன்றுக்கு நியோஷோ என்னும் பெயர் மீண்டும் சூட்டப்பட்டது. ஒரு கப்பலுக்குச் செய்யக்கூடிய மரியாதை அதுவே.

திருகோணமலைக்குச் செல்வோர் சீனன்குடாவின் காட்டுக்குள்ளே பெரிய எண்ணெய்த் தாங்கிகளைக் காணலாம். பிரித்தானியர் தமது கடற்படைக்காகக் கட்டியவை அவை. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ந் திகதி தாக்குதலில் அவற்றுளொன்று தீப்பற்றிப் பல நாள் எரிந்தது. சிதைந்த அதன் எச்சம் போரின் சின்னமாக நின்றது. அத்தகைய தாங்கியொன்றின் முன் நிற்கும் மாணவர்கள், கரையிலிருக்கும் எண்ணெய் தானாகக் களத்துக்குச் செல்வதில்லை என்பதை நினைத்துப் பார்ப்பார்களாக. அதனைச் சுமந்து சென்றவர்கள் போரிட அனுப்பப்பட்டவர்களல்லர், வழங்க அனுப்பப்பட்டவர்கள். வேவு பார்த்தவனின் ஒரு பிழை அவர்களைப் பகைவரின் இலக்காக்கியது. கணக்கிட்டவரின் ஒரு பிழை அவர்களை நண்பரின் கண்ணுக்கு மறைத்தது. அவ்விரண்டு பிழைகளுக்கும் நடுவே, தன் வேலை இதுவென அறிந்து வால்வை மூடச் சென்ற ஒருவரின் கை மட்டும் பிழைபடவில்லை.